பேஸ் கிடார் கம்பி: முதலில் வளைப்பு, பிறகே வெட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், இசைக்கருவிகளை வீட்டிலேயே பராமரிப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆர்மோனியம், வயலின் பற்றி அதில் எழுதியிருப்பதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பேஸ் கிடாருக்குக் கம்பி மாற்றுவது பற்றிய நான்கு வரிகளில் இரண்டு வரிகள் தவறானவை. அவற்றை நம்பிச் செய்தால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கம்பி செட் வீணாகும் என்பதால் இதை எழுதுகிறேன். மதுரையில் மெல்லிசைக் குழுக்களில் 22 ஆண்டுகளாக பேஸ் வாசித்து வருகிறேன். அந்த இரண்டு விஷயங்களிலும் நானே பட்டு அனுபவித்தவன்.

பழைய கம்பிகள் நான்கையும் பிளையரால் வெட்டி எடுத்துவிடலாம் என்பது முதல் தவறு. நான்கு கம்பிகளும் சுருதி சேர்ந்து நிற்கும்போது, செட்டின் கனத்தைப் பொறுத்து, கருவியின் கழுத்தை ஏறத்தாழ 75 முதல் 85 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றரை சிமெண்ட் மூட்டைக்குக் குறையாத அந்த இழுவையில் இருக்கும் கம்பியை வெட்டினால், அறுந்த முனை எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. நகரில் ஒரு கடையில் வேலை பார்த்த பையன் அப்படி வெட்டியதில், என் கருவியின் முகப்பில் விழுந்த நீளமான கீறல் இன்றும் இருக்கிறது. அறுந்த முனை அவன் கண்ணைக் குத்தாமல் போனதே என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். கம்பியை முறுக்கும் திருகான கீயைத் திருப்பி, கம்பி தொளதொளவென்று தொங்கும்வரை தளர்த்தியபின் கழற்றுவதே முறை. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றுவதால் கழுத்து கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவதும் மிகைதான். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் கட்டைகளுக்கு இடையில் படிந்த அழுக்கைத் துடைக்க அரை மணி நேரம் கம்பியில்லாமல் வைத்திருந்தால் எதுவும் ஆகிவிடாது. கம்பி வாங்கப் பணம் சேரட்டும் என்று மாதக்கணக்கில் வெறுங்கழுத்தோடு மாட்டி வைப்பதுதான் தவறு. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடு கம்பிகளின் இழுவைக்கு எதிராகவே முறுக்கப்பட்டிருக்கிறது. இழுவை இல்லாதபோது கழுத்து பின்பக்கமாக வளையத் தொடங்கும். நான் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே மாற்றுகிறேன். அப்படிச் செய்தால் பக்கத்துக் கம்பியைப் பார்த்தே எத்தனை சுற்று, எந்தத் திசை என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. புதிய கம்பியை முதலில் அளவாக வெட்டிக்கொண்டு பிறகு கீயில் சுற்றவும் என்று எழுதியிருக்கிறார்கள். சாதாரண கிடாரின் மெல்லிய கம்பிக்கு அது சரியாக இருக்கலாம். பேஸ் கம்பியின் அமைப்பு வேறு. நடுவில் ஓர் எஃகுக் கம்பியும் அதன்மேல் நெருக்கமாகச் சுற்றப்பட்ட வேறு கம்பியும் சேர்ந்தே அது உருவாகிறது. நடுக்கம்பி அறுகோண வடிவில் இருந்தால் அதன் விளிம்புகள் மேற்சுற்றை ஓரளவு பிடித்துக்கொள்ளும். உருண்டையாக இருந்தால் பிடிமானம் என்று சொல்ல அங்கு எதுவுமே இல்லை. முனையில் இருக்கும் கட்டுதான் அத்தனை சுற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறது. வளைக்காமல் நேராக அந்த முனையை வெட்டிவிட்டால், மேற்சுற்று நூல்கண்டு போல உள்ளுக்குள்ளேயே நெகிழ்ந்துவிடும். வெளியே பார்த்தால் கம்பி புத்தம் புதிதாக மின்னும். தட்டினால் பழைய வாளியைத் தட்டியது போல ஒலிக்கும். கடைக்காரர் போலிக் கம்பியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நம்மவர்கள் சண்டைக்குப் போவதில் பாதி இந்த வெட்டினால் வந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

செய்ய வேண்டியது இதுதான். கம்பியை, கருவியின் உடல் பகுதியில் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகக் கோத்து, அதற்குரிய கீ வரை நேராக இழுத்துப் பிடித்து, கீயைத் தாண்டிச் சுமார் 12 சென்டிமீட்டர் விட்டு அந்த இடத்தில் பிளையரால் செங்கோணமாக, கூர்மையாக மடக்க வேண்டும். மடக்கிய பிறகே, மடிப்புக்கு அப்பால் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். மேற்சுற்று நெகிழ்ந்தாலும் அந்த மடிப்பைத் தாண்டி வராது. பேஸ் கிடாரின் கீ பெரும்பாலும் நடுவில் துளையும் மேலே பிளவும் கொண்டது. வெட்டிய நுனியை அந்தத் துளைக்குள் இறக்கி, மடிப்பைப் பிளவில் உட்கார வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே கீயைத் திருப்ப வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். தடித்த ஈ கம்பிக்கு இரண்டு சுற்றுக்குக் குறையாமலும், மெல்லிய ஜி கம்பிக்கு மூன்றுக்குக் குறையாமலும் இருப்பது நல்லது. சுற்று மேலேயே நின்றுவிட்டால் கம்பி, கழுத்தின் மேல்முனையில் அது படிந்து செல்லும் நட்டின்மேல் போதுமான சரிவோடு அழுந்தாது; விரல் வைக்காமல் வாசிக்கும்போது ஒரு இரைச்சல் வரும்.

இந்த 12 சென்டிமீட்டர் கணக்கைப் படித்து நான் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் முளைப்பாரித் திருவிழாக் கச்சேரி. மேடைக்குப் பின்னால் லாரி நிழலில் உட்கார்ந்து புதுக் கம்பி மாட்டியபோது, தொங்கலாக இருப்பது அசிங்கம் என்று ஈ கம்பியைக் கீக்கு அருகிலேயே வெட்டிவிட்டேன். ஒரு சுற்றுகூட முழுதாக வரவில்லை. சுருதி ஏற ஏற நுனி துளையிலிருந்து வெளியே வந்துவிட்டது. மதுரைக்கு ஆள் அனுப்பினாலும் தனி ஈ கம்பி கிடைக்காது, செட்டாகத்தான் தருவார்கள். இரவு ஒன்பது மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்கவும் இல்லை. மூன்று கம்பியோடு மேடை ஏறி, கீழே இறங்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலே வாசித்துச் சமாளித்தேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாடகி திரும்பி, “அண்ணே, அடியே கேக்கலையே?” என்றார். டிரம்ஸ் வாசித்த தம்பி பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

கச்சேரி நாளன்று கம்பி மாற்றக்கூடாது என்பதையும் அன்றே கற்றேன். புதுக் கம்பி ஒரு நாளாவது நீண்டுகொண்டே இருக்கும். பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கும். மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு, மீண்டும் சுருதி சேர்ப்பதை மூன்று நான்கு முறை செய்தால் இந்தத் தொல்லை குறையும். பிரிட்ஜில் கம்பி ஏறி இறங்கும் இடத்திற்குச் சற்று முன்னால் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிடுவதும் அவசியம். தடித்த கம்பி தானாக அங்கே மடங்குவதில்லை. வில்லாக வளைந்தே நிற்கும். அதனால் பன்னிரண்டாவது பிரெட்டில் சுருதி ஒன்றுக்கொன்று ஒவ்வாது. அழுத்திய பின்பும் அந்த பிரெட்டில் வாசிக்கும் சுரம், அதே இடத்தில் அழுத்தாமல் தொட்டெடுக்கும் ஹார்மோனிக் ஒலியை விடக் கூடுதலாக இருந்தால், பிரிட்ஜில் கம்பி அமரும் சாடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். குறைவாக இருந்தால் முன்னால்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற குறிப்பின் வரியோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் மேற்சுற்று தட்டையாக இருக்கும் தம் தட்டைச் சுற்றுக் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது எங்கள் தொழிலில் அனைவரும் அறிந்த செய்தி. அந்த மழுங்கிய ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது. நாம் பெரும்பாலும் வாங்குவதோ மேற்சுற்று உருண்டையாக இருக்கும் உருண்டைச் சுற்றுக் கம்பி. அதன் இடுக்குகளில் வியர்வையும் தோல் துகளும் அடைந்து ஒலியின் பளிச்சென்ற பகுதியை விழுங்கிவிடும். சித்திரை வெயிலில், மேடை விளக்குகளின் கீழ் மூன்று மணி நேரம் வாசிக்கும் மதுரைக்காரனுக்கு எந்த மாதக் கணக்கும் பொருந்தாது, காதுதான் கணக்கு. கச்சேரி முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பிக்கு அடியிலும் துடைத்து வைப்பவரின் செட், அப்படியே உறையில் திணிப்பவரின் செட்டைவிட நெடுநாள் உழைக்கும். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் பழைய கம்பிகளைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, உடனே ஈரம் போகத் துடைத்து மீண்டும் மாட்டுவார். பிசுக்குப் போவதால் இரண்டு மூன்று கச்சேரிகளுக்கு ஒலி திரும்பி வரும் என்பது உண்மைதான். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் மடிப்பு பலவீனமாகிறது என்பதும் உண்மை. பால் பாத்திரத்தை எடுத்ததற்காக வீட்டில் அவர் வாங்கிய திட்டை இங்கே எழுத இயலாது.

டிசம்பர் நெருங்குகிறது. தேவாலயப் பாடகர் குழுக்களில் புதிதாக பேஸ் எடுத்திருக்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு முன் கம்பி மாற்றுவார்கள். வழிகாட்ட ஆளில்லாதவர்கள் தங்கள் இணைப்பைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுவார்கள். ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, தளர்த்திய பிறகு கழற்றவும், மடக்கிய பிறகு வெட்டவும் என்ற இரண்டு திருத்தங்களை மட்டுமாவது, முதலில் வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு பேஸ் கிடார் வாசிப்பவர்,
செல்லூர், மதுரை.