நூல் கடையில் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு

உங்கள் பெயரைக் கேட்க அன்று தோன்றவே இல்லை. அக்காவுக்குக் கீமோ ஆரம்பித்த வாரம், குல்லா பின்ன நூல் வாங்க வந்திருந்தேன். புசுபுசுவென்றிருந்த மொஹேர் என்ற ஆட்டுமுடி நூலைக் கூடையில் போட்டதும் "யாருக்கும்மா?" என்றீர்கள். சொன்னேன். பதில் பேசாமல் அந்த நூலை எடுத்து என் கழுத்தோரம் தேய்த்தீர்கள். அரித்தது! முடி கொட்டின தலையில் இது இன்னும் உறுத்தும், இழையும் உதிரும் என்றீர்கள்.

அப்புறம் மெத்தென்ற பருத்தி நூலை எடுத்துக் கொடுத்து, வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னச் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் தலையைக் குத்தும் மூட்டுத் தையலே வராது. கொடுக்கும் முன் வாசனையில்லாத சோப்பில் அலசச் சொன்னதும் நீங்கள்தான். குமட்டல் இருக்கும்போது நல்ல மணம்கூட ஆகாதாம், எனக்கு அது தெரியாது. சரி, நிறம்? நான் வெளிர் ரோஸைத் தொட்டேன். "அவங்களுக்கு எது பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டீர்கள். அக்காவுக்கு மயில்நீலம்.

ஓரம் கொஞ்சம் கோணல்தான், கண்ணி எண்ணுவதில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன். அக்கா அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். இதெல்லாம் நீங்கள் யாருக்காகக் கற்றுக்கொண்டீர்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ரொம்ப நன்றி அம்மா.