எடை ஏறாத பிள்ளைக்குப் பழமொழி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தைக்கு ரிஃப்ளக்ஸ், அதாவது குடித்த பால் வயிற்றிலிருந்து மேலே ஏறி வருவது, என்பதே இந்தக் காலத்து டாக்டர்கள் கட்டிவிட்ட வியாதி, ‘கக்குகிற பிள்ளை தக்கும்’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதைப் படித்த என் மகள் ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். எனக்கு அப்படி விட மனமில்லை.

பேறுகாலத்துக்கு வந்த மகள் கோட்டையூரில் எங்களோடு இருக்கிறாள். பேரனுக்கு நான்காவது மாதம். கொஞ்சம் கக்கிவிட்டுச் சிரிக்கிற பிள்ளை இல்லை அவன். நாலு வாய் குடிப்பான், உடனே மார்பை விட்டுவிட்டு உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான். மறுபடி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாதாமாதம் எடை குறிக்கிற அட்டையில் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. காரைக்குடியில் குழந்தை மருத்துவர் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். பால் கொடுக்கும் விதத்தைப் பார்த்து, சில நாள் விட்டு மறுபடி எடை போட்டு, அப்புறம்தான் மருந்து எழுதினார்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசை சின்னப் பிள்ளைகளுக்குச் சரியாக இறுகுவதில்லை. அதனால் மூன்று நான்கு மாதத்தில் பாதிப் பிள்ளைகளாவது கக்கும். பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித் தானே நின்றுவிடும். நன்றாகக் குடித்து எடை ஏறுகிற பிள்ளைக்கு மருந்தே வேண்டாம். அது வரைக்கும் பழமொழி சரி. குடிக்க மறுத்து, எடையும் ஏறாமல் அழுகிற பிள்ளையிடம் போய் அதைச் சொல்லக் கூடாது. வாந்தி பச்சையாக வந்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ யாரிடமும் யோசனை கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கள் வளவில் உட்கார்ந்து காபி குடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஏறுவதில்லை. “ஏன் ஆச்சி, நாமெல்லாம் பிள்ளை வளர்க்கலையா?” என்பார் ஒருவர். “பால் பத்தலை, புட்டிப்பால் குடு” என்பார் இன்னொருவர். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஆள் விலாசமே கொடுத்தார் ஒரு உறவுக்காரர். வயிற்றிலிருந்து ஏறி வருகிற பாலுக்குத் தொண்டையில் விரலை விட்டு என்னத்தை எடுப்பார்கள்? (வசம்பு வளையல் அவன் கையில் கிடக்கிறது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.)

அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மகள் மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, “இதைக் கொடுக்கத்தான் வேணுமாம்மா?” என்று கேட்கிறாள். கொடு என்று நான் சொல்லிவிடுகிறேன். சொல்ல ஆளில்லாத பெண்கள் நிறுத்திவிட மாட்டார்களா?

பால் குடித்ததும் அவனை அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். தூங்கும்போது மல்லாக்கத்தான் போடுகிறோம். இப்போது அட்டையில் கோடு கொஞ்சம் மேலே திரும்பியிருக்கிறது. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். பால் குடித்த கையோடு அவனை வாங்கித் தூக்கிப் போட்டுக் குலுக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பேரன் கண்ட ஓர் ஆயா,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.