ஹெர்மிஸுக்கு வெறும் காற்றோடு ஆள் அனுப்பாதீர்கள்

கிழக்கு மாகாணத்தில் சுற்றுலாவுக்கும் கடலுக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்புக்கு நேரே கடலில், 53 மீற்றர் ஆழத்தில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒருக்களித்துக் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. ஆனால் தன் விமானந்தாங்கியைக் கட்டி முடிப்பதில் ஜப்பான்காரன் முந்திக்கொண்டான், ஹெர்மிஸை 1942 ஏப்ரல் 9இல் குண்டு போட்டு மூழ்கடித்ததும் அவன்தான். 307 பேர் இறந்தார்கள். சுற்றுலா விளம்பரங்களில் இதெல்லாம் அழகாக வருகிறது, சரி, ஆனால் அங்கே இறங்குகிறவர்கள் எதைச் சுவாசித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 40 மீற்றர்தான் எல்லை. 53இல் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம், சிலிண்டரும் அத்தனை மடங்கு வேகமாகக் காலியாகும், நைதரசன் வெறிபோலத் தலைக்கேறும். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மானியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முள் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அது தன்னுடைய காற்று என்பது மண்டைக்குள் ஏறாமல், கையால் 'ஓகே' காட்டுகிற ஆட்கள் உண்டு. அப்படிச் சில நிமிடம் நின்றுவிட்டு மேலே வந்து ஹெர்மிஸ் பார்த்தாச்சு என்கிறார்கள். 180 மீற்றர் நீளக் கப்பல் ஐயா, எதைப் பார்த்திருப்பார்கள்?

தொழில்நுட்பச் சுழியோட்டம் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். நைதரசனில் ஒரு பங்கைக் குறைத்து ஈலியம் கலந்த ட்றைமிக்ஸைச் சுவாசித்தால் தலை தெளிவாக இருக்கும், மூச்சும் இலேசாகும். விட்ட மூச்சிலிருந்து கரியமில வாயுவை வடிகட்டி, குறைந்த ஒட்சிசனை மட்டும் சேர்த்துத் திரும்பத் தரும் றீபிறீதர் இருந்தால் வாயு தீருகிற பயமும் பெருமளவு போய்விடும். அரை மணி நேரம் கீழே நின்று, கப்பலைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து முப்பரிமாண வரைபடமே செய்யலாம். அப்புறம் அதற்குக் குறையாத நேரம் நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி படிப்படியாக ஏறவேண்டும், 6 மீற்றரில் தனி ஒட்சிசனோடு நிற்பதுதான் அதில் நீண்ட நிறுத்தம். அலுப்பான வேலைதான், அதில் அவசரப்பட்டால் உடம்பில் கரைந்த வாயு குமிழியாகிக் கைகால் விளங்காமல் போகும். கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரே நாளில் திரும்பத் திரும்பக் குளிக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது!

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். தெற்குக் கரையில் உள்ள கொடவாயவில் 2003இல், 30 மீற்றருக்கும் அதிக ஆழத்தில், இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கப்பற்சிதைவைக் கண்டுபிடித்தவர்கள் சங்கு குளிக்கும் உள்ளூர்ச் சுழியோடிகள். ஆராய்ச்சியாளர்கள் பிறகுதான் வந்தார்கள். கடல் தெரிந்தவன் இங்கேயே இருக்கிறான், அவனிடம் இல்லாதது வாயுவும் பயிற்சியும். ஆனால் நீங்கள் கரையில் இருக்கைகளும் செல்ஃபி பலகையும் வைக்கிறீர்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஈலியமும் ஒட்சிசனும் ஒழுங்காகக் கலந்து நிரப்ப மட்டக்களப்பில் ஓர் இடம் வேண்டும். உள்ளூர்ச் சுழியோடிகள் சிலரை அரச செலவில் ட்றைமிக்ஸ் வரை பயிற்றுவியுங்கள், அது விலையான படிப்பு, அவர்களால் கட்டமுடியாது. யாருக்காவது கீழே ஏதும் ஆகிவிட்டால் சிகிச்சைக்கு எந்த அழுத்த அறைக்கு, எந்த வாகனத்தில் கொண்டுபோவது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு படகிலும் ஒட்டுங்கள். அதற்குக் காசு தேவையில்லை, அடுத்த சித்திரையில் கடல் அடங்குமுன் அதையாவது செய்யலாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு சுழியோடி