ஹூஸ்டன் தேரைக்காக ஓடிய ஒரு வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். போன பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் எழுந்து, "தேரை பார்க்க இரண்டு மணி நேரம் கார் ஓட்டணுமா, நம்ம வீட்டுப் பின்னாடியே கிடக்குதே" என்று கேட்டார். இந்த அறிக்கையில் பாதி அவருக்கான பதில்தான்.

வீட்டுப் பின்னால் கிடப்பது வளைகுடாத் தேரை. ஹூஸ்டன் தேரை வேறு. 1953இல் அதற்கு நம் ஊர்ப் பெயரை வைத்தார்கள், 1960களுக்குள் நம் ஊரில் அது ஒன்றுகூட இல்லை. வறட்சி பாதி, வீடும் ரோடும் பாதி. 1970இலேயே அரசின் அழிவாபத்துப் பட்டியலில் ஏறிவிட்டது. இன்று உலகத்திலேயே டெக்சாஸின் சில கவுண்டிகளில்தான் இருக்கிறது, அதிலும் பாஸ்ட்ரப் பக்கம்தான் அதிகம். ஆழமான மணல் இருந்தால்தான் அதற்குப் புதைந்து கிடக்க முடியும், நம் ஊர்க் களிமண் சரிப்படாது.

மார்ச்சில் இரண்டு இரவு பாஸ்ட்ரப் பக்கம் போனோம். முதல் இரவு பொருளாளர் "இதுதான்!" என்று போனில் பதிவெல்லாம் செய்தார், தெரிந்த உயிரியலாளர் ஒருவருக்கு அனுப்பினால் "வளைகுடாத் தேரை" என்று ஒரே வரியில் பதில். வளைகுடாத் தேரையின் சத்தம் கிலுகிலுப்பை மாதிரி கரகரப்பு. இரண்டாவது இரவு, தூறல் நின்ற கையோடு, சலங்கையை விடாமல் உலுக்குவது போல சன்னமாக ஒன்று எழுந்து, பத்து நொடிக்கு மேல் நீண்டு அடங்கியது. அதுதான் ஹூஸ்டன் தேரை, ஒரே ஒன்றுதான். கிட்டே போகவில்லை, தொடுவதற்கு அனுமதி வேண்டும். ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஏழு பேரும் பேசாமல் நின்றோம், நம் சங்கத்தில் இதுவே சாதனை!

நாங்கள் நின்ற இடத்தில் பைன் மரங்கள் எல்லாம் இளசு. 2011 காட்டுத்தீயில் பாஸ்ட்ரப் மாநிலப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்துபோனது. அப்புறம் நெருப்பெறும்பு வேறு. வால் சுருங்கிக் குட்டையை விட்டு வெளியேறும் குட்டித் தேரை சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது, அதை எறும்புக் கூட்டம் சும்மா விடுமா?

ஹூஸ்டன் மிருகக்காட்சிசாலையில் 2007 முதல் இதை வளர்க்கிறார்கள், முட்டைச் சரங்களைக் கொண்டுபோய்க் குட்டைகளில் விடுகிறார்கள். நம் மிச்சப் பணத்தை அந்த வேலைக்குக் கொடுக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து, பொதுக்குழு முடிவு செய்யட்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த பயணம் பிப்ரவரி கடைசியில், மழை பெய்து குளிர் விட்ட இரவாகப் பார்த்து. தேதியை முந்தின நாள்தான் சொல்ல முடியும், கோபிக்க வேண்டாம். செருப்போடு யாரும் வராதீர்கள், நெருப்பெறும்பு நமக்கும் சேர்த்துத்தான்.