கருவேப்பிலைக்கு டெஸ்ட் இருக்குங்க, மருந்தடிக்கற ஆளுக்கு?

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

போன இதழ்ல ஒரு வாசகர் "அளவோட அடிச்சா எந்தப் பூச்சிமருந்தும் ஒண்ணும் பண்ணாது, சும்மா பயமுறுத்தறாங்க"ன்னு எழுதியிருந்தாரு. அவரு மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க, மூணு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் நானும் இதையேதான் டீக்கடையில உக்காந்து பேசிட்டிருந்தேன். காரமடைப் பக்கம் ரெண்டு ஏக்கர் கருவேப்பிலை வெச்சிருக்கறேன், மருந்தே அடிக்காம பண்ணயம் பண்ற ஆளு நான் இல்ல, அதை மொதல்லயே சொல்லிர்றேன்.

எங்க தோட்டத்துக்கு மருந்தடிக்க ஒரு அண்ணன் வருவாரு. 16 லிட்டர் டேங்க்கை முதுகுல மாட்டுனாருன்னா பத்து டேங்க்காவது அடிச்சாத்தான் ஓய்வாரு. மூடியில வாசர் போயி லேசா ஒழுகும், மாத்தலாம் மாத்தலாம்னு நாள் போயிட்டே இருக்கும், 20 ரூவா வாசருங்க அது, சட்டை முதுகெல்லாம் நனைஞ்சு அந்த ஈரத்தோடயேதான் வெயில்ல நிப்பாரு. மருந்தடிக்கற ஆளுக்கு மூச்சுல போறதை விட தோல் வழியாத்தான் இந்த மருந்து அதிகமா உள்ள எறங்கும்னு அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. தொடர்ந்து நாலு நாளு நாலு தோட்டத்துல அடிச்சுட்டு, நாலாம் நாள் பொழுதோட எங்க கட்டுத்தரைகிட்ட உக்காந்தவரு எந்திரிக்கல. வேர்த்து ஊத்துது, வாயில எச்சி ஒழுகுது, வாந்தி, கை சதை தன்னால துடிக்குது. பாத்தவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா, "சரக்கு ஓவராயிருச்சு". குடிக்கவே குடிக்காத மனுசன் அவரு. எங்கம்மா பித்தம்னு எலுமிச்சம்பழம் கரைச்சுட்டு வந்தாங்க. இப்பிடியே ஒரு மணி நேரம் போச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் டார்ச் அடிச்சு கண்ணைப் பாத்தாரு, கண்ணு பாப்பா குண்டூசி முனையாட்ட சுருங்கிக் கெடந்துச்சு. "என்ன மருந்து அடிச்சாரு?"ன்னு கேட்டாரு. ஒருத்தருக்கும் பேரு தெரியல, பாட்டில் தோட்டத்துல கெடக்குது, "அந்த நீலப் பாட்டிலுங்க"ன்னு நான் சொல்றேன், இப்ப நெனச்சாலும் கேவலமா இருக்குது. அட்ரோபின் ஊசி மாத்தி மாத்திப் போட்டாங்க. மறுநாளே ஆளு தெளிஞ்சு பேச ஆரம்பிச்சுட்டாரு, கூட்டிட்டுப் போறோம்னு நின்னோம், டாக்டர் விடல. ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட கழுத்து நிக்காம மூச்சுத்தெணறல் வருமாம், வெச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புனாங்க.

அப்பறந்தான் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். நரம்பு சதைக்கு சேதி சொல்றப்ப அசிட்டைல்கோலின்னு ஒண்ணு சுரக்குது, வேலை முடிஞ்சதும் அதைத் தொடைச்சு எடுக்கறதுக்கு கோலினெஸ்டரேஸ்னு ஒரு என்சைம் இருக்குது. ஆர்கனோபாஸ்பேட்ங்கற வகைப் பூச்சிமருந்து போயி அந்த என்சைமைக் கட்டிப் போட்டுருது, சேதி நிக்காம போயிட்டே இருக்குது. புழு சாகறதும் இதாலதான், அந்த அண்ணன் விழுந்ததும் இதாலதான். 1936ல ஜெர்மனியில ஷ்ரேடர்ங்கறவரு பூச்சிக்கொல்லி தேடப்போயித்தான் டாபுன்ங்கற ராணுவ விஷத்தைக் கண்டுபுடிச்சாரு. நாம கடையில பேரு சொல்லி வாங்கற குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ், அசிபேட், டைமீதோயேட் எல்லாம் அதே குடும்பந்தானுங்க.

இப்ப அந்த வாசகர் சொன்ன "அளவு"க்கு வர்றேன். ரத்தத்துல செகப்பணுவுல இருக்கற இந்த என்சைம் முழுசா கெட்டுப் போச்சுன்னா புது செகப்பணு வந்தாத்தான் திரும்பக் கெடைக்கும், நாளைக்கு சுமாரா 1 சதவீதம்தான் ஏறும். இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்னு எறங்கிட்டே போனா எந்த நாளுமே அளவு தாண்டியிருக்காது, ஆனா ஆளு விழுந்துருவாரு. லேபிள்ல ஏக்கருக்கு இத்தனை மில்லின்னு போட்டிருக்கறது செடிக்கு உண்டான அளவு, வாரத்துக்கு ஆறு தோட்டம் ஏறி எறங்கற ஆளுக்கு உண்டான அளவு எந்த டப்பாவுல போட்டிருக்குதுங்க?

இந்த மருந்துக எண்டோசல்பான் பூச்சிமருந்தாட்ட வருசக்கணக்கா மண்ணுல கெடக்காது, சீக்கிரம் செதைஞ்சுரும்ங்கறது வாஸ்தவந்தான். ஆனா செதையறதுக்குள்ள பூவுல உக்கார்ற தேனீயைக் கொன்னுரும், தண்ணிக்குப் போனா மீனையும் விடாது. டேங்க் அலசுன தண்ணி எறங்கி பக்கத்துத் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில ஜிலேபி மீன் மெதந்ததுக்கு நான் பஞ்சாயத்துல நின்னிருக்கறேன்.

இலையைப் பாக்க ஏற்பாடு இருக்குதுங்க. இந்தியக் கருவேப்பிலை ஐரோப்பாவுக்குப் போனா மருந்து எச்சம் இருக்குதான்னு சோதிக்கறாங்க, 2015ல கேரளாவுல தமிழ்நாட்டுக் காய்கறியில மருந்து இருக்குதுன்னு எவ்வளவு சத்தம் வந்துச்சு. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல எச்சம் பாக்க லேப்பே இருக்குது. மோனோகுரோட்டபாஸ்ங்கற பூச்சிமருந்தை காய்கறிக்கு அடிக்கக்கூடாதுன்னு 2005லயே சொன்னாங்க, ட்ரையசோபாஸ்ங்கற இன்னொரு மருந்து 2020 கடைசியோட நின்னுச்சு. எல்லாம் சரி. அந்த இலைக்கு மருந்தடிச்ச ஆளோட ரத்தத்தை யாரு பாத்தாங்க?

இது ஒண்ணும் ஆகாத காரியமில்ல. கலிபோர்னியாவுல 1974ல இருந்து செய்யறாங்க. 30 நாள்ல 6 நாளுக்கு மேல இந்தக் கடுமையான மருந்துகளைக் கையாள்ற ஆளுக்கு சீசனுக்கு முன்னாடியே கோலினெஸ்டரேஸ் எவ்வளவுன்னு ரத்தத்துல பாத்து எழுதி வெச்சுக்கறாங்க. அடிக்க ஆரம்பிச்சப்பறம் மறுபடி பாக்கறாங்க, மொதல்ல எழுதி வெச்ச அளவுல 80 சதவீதத்துக்குக் கீழ வந்தா வேலை நடக்கற மொறையைப் பாக்கணும், செகப்பணு அளவு 70 சதவீதமோ அதுக்கும் கீழயோ போயிட்டா மறுபடி ஏறுற வரைக்கும் மருந்துப்பக்கமே விடக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்துல எங்கூட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பாத்துட்டுப் போறாங்க, எங்கம்மாவுக்கு மாத்திரையும் குடுக்கறாங்க, நல்ல திட்டமுங்க அது. மருந்தடிக்கற ஆளுகளுக்கு வருசத்துக்கு ரெண்டுவாட்டி இந்த டெஸ்டையும் அதுல சேத்தா என்னங்க? உங்க பத்திரிகை இதைக் கேக்கணும்னுதான் இந்தக் கடிதம்.

என் பங்குக்கு வாசர் மாத்தியாச்சு, அடிக்கற அன்னைக்கு மருந்துப் பாட்டிலோட லேபிளைப் போட்டோ எடுத்து செல்லுல வெச்சுக்கறேன், பாட்டில் மோட்டார் ரூமுலதான் இருக்கும். கூலி கொஞ்சம் ஏத்திக் குடுத்து வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல எங்கயும் போகாதீங்கண்ணான்னு சொன்னேன், சரின்னாரு, ஆனா போறாருன்னு தெரியும், மக காலேஜ் படிக்குது. டெஸ்ட் வெக்கச் சொல்லி பத்திரிகைக்கு எழுதப்போறேன்னு அவருகிட்ட சொன்னேன். "வர்றதுன்னா வெடியால ஆறு மணிக்கே வரச்சொல்லுங்க தம்பி, ஏழு மணிக்கு மேல நான் தோட்டத்துல இருப்பேன்"ங்கறாரு.

இப்படிக்கு,
காரமடைப் பக்கத்து வாசகர் ஒருத்தர்