ஆமாவை வெட்டாதே மக்கா

மார்த்தாண்டம்
ஆடி 10

அன்பு மக்கா,

உன் கடுதாசி கிடைத்தது. பாறசாலைப் பக்கத்துக் கோயில் கொடைவிழாவில் விடிய விடிய நடக்கிற வில்லுப்பாட்டைப் பதிவு செய்து, ரேடியோவுக்கு அரைமணி நேர நிகழ்ச்சியாக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கேரள எல்லையான களியக்காவிளையில் நின்று குமரி பண்பலை 101-லிருந்து முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் திருவனந்தபுரம் 101.9 வந்துவிடும், தமிழ் மலையாளமாகிவிடும். வில் மட்டும் மாறாது. அங்கே வில்லடிச்சான் பாட்டு என்பார்கள், அவ்வளவுதான். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் வந்தது. நம்ம ஊர்க் கலையை நம்ம ஊர்ப் பேச்சிலேயே கேட்கத்தானே அப்படி ஒரு நிலையம்!

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே: பக்கப்பாட்டுக்காரர்கள் போடுகிற 'ஆமா'வை வெட்டாதே. தலைமைப் பாடகரான அண்ணாவி வசனம் சொல்லும்போது நேரில் இருப்பவன் அவர் முகத்தையும் வில்லை அடிக்கிற வீசுகோலின் வீச்சையும் பார்த்துக் கதைக்குள் போய்விடுவான். ரேடியோ கேட்பவனுக்கு அந்த 'ஆமா'தான் முகம். நாட்டு வளம் பாடும்போது அது சாவகாசமாக வரும். சண்டை வந்துவிட்டால் அண்ணாவியின் கடைசி எழுத்து முடியும் முன்பே ஏறிக்கொள்ளும். எடிட் செய்ய உட்கார்ந்தால் திரையில் அது சின்னச் சின்ன மேடாகத் தெரியும்; நேரம் போதாதவன் முதலில் கைவைப்பது அங்கேதான். ஒன்றரை நிமிஷம் மிச்சமாகும், பாட்டு பிரசங்கமாகிவிடும். அதோடு சண்டைக் கட்டத்தில் வெட்டினால் 'ஆ' மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், எந்தச் சாமர்த்தியத்தாலும் அதை மறைக்க முடியாது.

நேரத்தை வேறு இடத்தில் மிச்சம் பிடி. முப்பது நிமிஷத்தில் அறிவிப்புகள் போக உனக்கு இருபத்தெட்டு தேறும். கதை முழுவதையும் அதில் அடைக்கப் பார்க்காதே, ஒரே ஒரு கட்டத்தை எடு. காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாட்டுகள் மூன்றிலும் இரண்டிரண்டு வரி வைத்துக்கொள். அடியோடு நீக்கினால் வில்லுக்காரர்கள் வருத்தப்படுவார்கள், அது நியாயமான வருத்தம். அண்ணாவி பாடிய அடியைப் பக்கப்பாட்டு இரண்டு தரம் திருப்பிப் பாடினால் ஒரு தரம் போதும். வெட்டுகிற இடம் பாட்டு முடிந்து வீசுகோல் இரண்டும் சேர்ந்து விழுகிற அடியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வில்லில் கட்டிய மணி அடங்க இரண்டு விநாடி விடு.

மைக் விஷயம். மேடை ஆம்பிளிபயரிலிருந்து ஒரு வயரை மட்டும் இழுத்துப் பதிவு செய்தால் அண்ணாவி குரல் கிடைக்கும், வில் தூரத்தில் எங்கோ கேட்கும், பக்கப்பாட்டு அநேகமாக இருக்கவே இருக்காது. அதனால் உன் மைக்குகளைத் தனியாக வை. அண்ணாவிக்கு ஒன்று, ஒரு சாண் தள்ளி. பக்கப்பாட்டுக்காரர்களுக்குக் கட்டாயம் ஒன்று. வில்லுக்கு ஒன்று, ஒரு மீட்டர் தள்ளி. குடத்துக்கு மைக்கை வாய்க்கு நேராக மட்டும் வைக்காதே: குடத்தை அடிக்கிற பத்தி விழும்போது உள்ளிருக்கும் காற்று குப்பென்று வெளியே வந்து மைக்கில் அடிக்கும், 'தொம்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று பதிவாகும். இரண்டு சாண் விலக்கிப் பக்கவாட்டில் சாய்த்து வை. குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். குட மைக்கில் வெட்டாதே, குடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

லெவலை அண்ணாவி பேசும்போது பார்த்து வைக்காதே. வேகம் ஏறிய பிறகு வில்லில் விழுகிற அடி பேச்சைவிடப் பல மடங்கு பெரிது. வேகமாக ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, அந்த உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கிற மாதிரி வை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்பி3-யாகச் சுருக்கி வாட்ஸப்பில் நிலையத்துக்கு அனுப்பிவிடாதே. முதலில் சாவது மணி ஓசைதான், முறத்தில் மணல் புடைத்த மாதிரி கேட்கும்.

இப்போது சாரல் காலம். நாண் தோல், ஈரத்தில் தளர்ந்து ஓசை மழுங்கும். உடுக்கையும் அப்படித்தான். ஏசி ஸ்டுடியோவில் நேர்மாறு. காய்ந்து இறுகி, பத்து நிமிஷத்தில் சுருதி ஏறிவிடும். ஸ்டுடியோவில் ஏதாவது பாட வைத்தால் வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்பே உள்ளே வைத்துவிடு.

கோயிலில் ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்று பகலிலேயே பார்த்து வை. யாரும் பாடாத நேரத்துச் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பிடித்துக்கொள், வெட்டின இடங்களை ஒட்ட அதுதான் பசை.

ஆராசனை வரும் நேரத்தில், அதாவது சாமி இறங்கும்போது, ரெக்கார்டர் ஓடலாமா என்று கோயில்காரர்களிடமும் சாமியாடுகிறவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடு. சரி என்றாலும் ஒலிபரப்ப வேண்டுமா என்பதைத் தனியாகக் கேள். இரண்டும் ஒன்றல்ல. அது அவர்கள் வழிபாடு, நமக்கு நிகழ்ச்சி.

அப்புறம் பேச்சு. 'ஓர்மை', 'வெப்ராளம்' என்று ஊர்ப் பேச்சில் அண்ணாவி சொன்னால் அது அப்படியே போகட்டும். சென்னைக்காரனுக்குப் புரியுமா என்று யாராவது கேட்டால், அறிவிப்பில் ஒரு வரி பொருள் சொல்லச் சொல். பாட்டைத் திருத்தி மறுபடி பாட வைக்காதே. பாடுகிறவர், குடம், உடுக்கை, தாளம் என்று எல்லோர் பெயரையும் அவர்கள் வாயாலேயே கடைசியில் பதிவு செய்துகொள். தப்பாக எழுதப்பட்ட பெயர் பிறகு தப்பாகவே வாசிக்கப்படும்.

எடிட் முடிந்ததும் நல்ல ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதே. போனில் ஒரு தரம், பழைய சின்ன ரேடியோவில் ஒரு தரம் கேள். போனில் குடத்தின் அடி ஓசை போய்விடும். அப்போதும் தாளம் பிடிபட்டால் மிக்ஸிங் சரி. முதல் ஐந்து நிமிஷத்தைச் சுருக்காமல் பென் டிரைவில் கொடுத்துவிடு, மார்த்தாண்டம் பஸ்ஸில் யாராவது வருவார்கள். வெட்டாத பதிவையும் பத்திரமாக வை, அது எனக்கு வேணும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டுக்காரன்