குழாயை உடைப்பது நாங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடியில் போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இழுவலைப் படகுக்காரர்களின் பொறுப்பின்மையால் குழாய்கள் சேதமடைகின்றன’ என்று அதில் ஒரு வரி. காசிமேட்டில் வெகுகாலம் விசைப்படகு ஓட்டியவன் நான். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

படகுக்குப் பின்னால் கடலடியில் இழுத்துப் போகும் இழுவலை குழாயில் மாட்டினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. குழாய்க்கு அடியில் இருக்கும் மணலை நீரோட்டம் அரித்துவிடும். வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை அந்த இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். ஆந்திராவில் காக்கிநாடாவுக்கு வெளியே எனக்கு அப்படித்தான் ஆனது. என்ஜின் முன்னால் இழுக்கிறது, கம்பி வடம் விறைத்து நிற்கிறது, படகின் பின்பக்கம் தாழ்ந்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. வடத்தைச் சுற்றும் வின்ச்சின் பிரேக்கைத் திறந்து வடத்தை மொத்தமாகக் கடலில் விட்ட பிறகுதான் படகு நிமிர்ந்தது. வலை போச்சு, இரண்டு பலகையும் போச்சு, வடமும் போச்சு. எல்லாம் கடன் வாங்கிப் போட்டது. புகார் கொடுக்கப் போன அலுவலகத்தில், “அங்கே குழாய் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?” என்று கேட்டார்கள். சரி, அந்த இடத்தைக் குறித்த வரைபடம் கொடுங்கள் என்றேன். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர முடியாது என்றார்கள். இதில் யாருக்குப் பொறுப்பில்லை, ஐயா?

1997 மார்ச்சில் வட கடலில் ‘வெஸ்ட்ஹேவன்’ என்ற ஸ்காட்லாந்துப் படகின் பலகை இப்படித்தான் ஒரு குழாய்க்கு அடியில் சிக்கியது. படகு கவிழ்ந்து நாலு பேர் செத்தார்கள். இன்று பிரிட்டனில் குழாய் எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரத்தை மீனவர்களின் பிளாட்டரில் (படகு இருக்கும் இடத்தைத் திரையில் வரைபடமாகக் காட்டும் கருவி) ஏற்றிக்கொள்ள இலவசமாகவே கொடுக்கிறார்கள். கிட்டே போனால் அலாரம் அடிக்கும் கருவியும் இருக்கிறது. நார்வேயில் கடலடியில் எதை வைத்தாலும் அதன் மேல் இழுவலை மாட்டாமல் போகும்படி கட்ட வேண்டும் என்பது விதி. அங்கெல்லாம் மீனவனிடம் சொல்லிவிட்டுத்தான் குழாயைக் காப்பாற்றுகிறார்கள்.

2023 மார்ச் 2 அன்று நாகை பட்டினச்சேரியில் கரையோரமாகவே குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்ததே, அங்கே எந்த இழுவலை போனது? 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது எங்கள் மீனைச் சீந்த ஆளில்லை. அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தது. குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000 ரூபாய் என்று கணக்கை முடித்தார்கள். நஷ்டம் எங்களுக்கு வரும்போது பொறுப்பின்மை என்ற சொல்லை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆந்திராவில் குழாய் பதித்ததால் தொழில் இழந்த 23,458 மீனவக் குடும்பங்களுக்கு 2022-இல் இழப்பீடு கொடுத்தார்கள். அது நியாயம். அதே கடலில் வலையை இழந்த எங்களைப் போன்ற வெளியூர்ப் படகுக்காரன் மனு கொடுத்தால் பதில்கூட வருவதில்லை.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். எல்லா விசைப்படகும் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் குழாய் போகும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு டிரைவர் கையிலும் கொடுக்க முடியுமா என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் தங்கள் நிருபரை விட்டுக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விசைப்படகு ஓட்டுநர்,
காசிமேடு, சென்னை.